ஐந்து துண்டு நீளச் சுவர்

குத்துமதிப்புக்காரரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார், ஆபீசில் இரண்டு பேர் இருக்கிறார்கள், சொந்தத்தில் எத்தனை பேர் என்று நான் எண்ணிச் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். பந்தியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு ‘நானூறு இலை’ என்பார். வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு ‘அரை மணியில விட்டுடும்’ என்பார். இரண்டும் தப்பாகத்தான் போகும். ஆனால் அவருக்கு ஒன்றும் ஆகாது. நனைவது நாம்.

இந்த இனத்திலேயே உச்சாணிக் கொம்பில் இருப்பவர் கொட்டேஷன் போடுகிற குத்துமதிப்புக்காரர். எங்கள் கள்ளக்குறிச்சியில் அவருக்குப் பச்சமுத்து என்று பெயர். உங்கள் ஊரில் வேறு பெயர் இருக்கும், ஆனால் ஆள் அதே ஆள்தான். ஹோட்டல், ஹாஸ்டல், கல்யாண மண்டபம் எதுவானாலும் சமையலறைக்கு வேண்டிய பெரிய அடுப்பு, இட்லி ஸ்டீமர், கிரைண்டர், ஸ்டீல் மேடை அத்தனையும் செய்து பொருத்தித் தருகிறவர். வேலை சுத்தம். வெல்டிங் வைத்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். அளவுதான் கொஞ்சம் அப்படி இப்படி.

ஒரு பெரிய சமையலறைக்குக் கொட்டேஷன் போடுவது லேசான காரியமா என்ன? சுவர் எத்தனை அடி, கதவு எத்தனை அகலம், புகை எந்தப் பக்கம் போகும், கழுவிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், சிலிண்டர் எங்கே நிற்கும், கரண்ட் சிங்கிள் பேஸா த்ரீ பேஸா, ஒரு வேளைக்கு எத்தனை பேர் சாப்பிடுவார்கள், சாமான் ஏற்றி வரும் லாரி அந்தச் சந்தில் திரும்புமா, திரும்பினால் போஸ்ட் கம்பத்தை மிச்சம் வைக்குமா என்று இத்தனையும் பார்த்து எழுத ஒரு சராசரி மனிதனுக்கு இரண்டு நாள் ஆகும். பச்சமுத்துவுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதும்.

வாசற்படியில் நிற்பார். ஒரு கண்ணை மூடுவார். தோளில் கிடக்கிற துண்டை எடுத்துச் சுவரோடு நீட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று தாண்டிக்கொண்டே போவார். துண்டு ஐந்து அடி. அதை அவர் பதினெட்டு வருடத்துக்கு முன் ஒருமுறை அளந்து பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு அதே கடையில், அதே அளவில் துண்டு வாங்கி வருகிறார். ஒழுங்கு இல்லாத மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது.

கொட்டேஷனைக் கம்ப்யூட்டரில் அடிப்பது அவர் மனைவி மணிமொழி. அடிக்கும் முன் தினமும் ஒரு கேள்வி கேட்பார்.

“இன்னாங்க, டேப்பு வெச்சி அளந்தீங்களா?”

“கண்ணு இருக்குது, துண்டு இருக்குது. டேப்பு இன்னாத்துக்கு?”

“போன தபா மலை ஹாஸ்டலுக்கும் இதேதான் சொன்னீங்க.”

மலை ஹாஸ்டல் கதையைப் பச்சமுத்துவிடம் யாரும் எடுப்பதில்லை. கல்வராயன் மலையில் ஒரு ஹாஸ்டலுக்குக் கேட்டார்கள். வளைவு வளைவாக ஏறினால் தலை சுற்றும் என்று இவர் மலைக்கே போகாமல் கடையில் உட்கார்ந்தபடி கொட்டேஷன் போட்டார். பிரமாதமான கிரைண்டர் போய் இறங்கியது. த்ரீ பேஸ் கிரைண்டர். அங்கே இருந்தது சிங்கிள் பேஸ் கரண்ட். இன்றைக்கும் அது ஒருமுறைகூட ஓடாமல் பளபளவென்று நிற்கிறது. அங்கே சமைக்கிற கொளஞ்சியம்மாள் அதில் சாமை கொட்டி மூடி வைத்திருக்கிறார். எலி ஏறமுடியாத பாத்திரம் அந்த மலையிலேயே அது ஒன்றுதானாம். இதைக் கேட்டதும் பச்சமுத்து சொன்ன பதில் இது: “பாத்தியா, வீண் போவல.”

விஷயத்துக்கு வருகிறேன்.

தியாகதுருகம் பக்கத்தில் ராஜாங்கம் என்று ஒரு கரும்பு விவசாயி. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு முப்பது வருடம் கரும்பு வெட்டி அனுப்பியவர். ரோட்டோரத்தில் ஒரு கல்யாண மண்டபம் கட்டினார். முதல் கல்யாணம் யாருடையது? அவருடைய ஒரே மகள் செந்தமிழ்ச்செல்வியுடையது. மூன்று இடம் கூடி வராமல் தட்டிப்போய், நாலாவதாக அமைந்த நல்ல இடம். மாப்பிள்ளை இளமாறன் தங்கம். மாப்பிள்ளையின் அப்பா தீனதயாளன் மட்டும் மரியாதையில் ஒரு குன்றிமணி குறைந்தாலும் எழுந்து செருப்பை மாட்டுகிற ரகம். ராஜாங்கத்துக்கு இரண்டு மாதமாகச் சோறு இறங்கவில்லை.

சமையலறை அளக்கப் பச்சமுத்து போன அன்று ராஜாங்கம் ஒரு நல்ல காரியம் செய்தார். தேடி வந்த மனிதரை வெறுமனே அனுப்பக் கூடாது என்று ஜரிகை போட்ட புதுத் துண்டு ஒன்றை அவர் தோளில் போர்த்தினார். பச்சமுத்து நெகிழ்ந்துபோனார். பழைய துண்டை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு வழக்கம்போல ஒரு கண்ணை மூடி, தோளில் இருந்ததை எடுத்துச் சுவரோடு நீட்டினார்.

மரியாதைக்குப் போர்த்துகிற துண்டுகள் வருடத்துக்கு வருடம் குட்டையாகிக்கொண்டே போவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அந்தத் துண்டு நாலு அடி.

சுவர் ஐந்து துண்டு வந்தது. ஐயைந்து இருபத்தைந்து. கொட்டேஷனில் இருபத்தைந்து அடி ஏறியது. உள்ளே இருந்த சுவரோ இருபது அடி. ‘ஜாயிண்டே இல்லாம ஒரே மேடையா பண்ணித் தரேன்’ என்று வேறு வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்தபடியே, அடுப்பு, ஸ்டீமர் எல்லாம் அதிலேயே பதித்து, இருபத்தைந்து அடியில் ஒரு மேடை செய்தார். சொன்னேனே, வேலை சுத்தம்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால், கரும்பு ஏற்றுகிற டிராக்டரில் மேடை வந்து இறங்கியது. பின்பக்க ஷட்டர் வழியாகப் பத்து ஆள் பிடித்து உள்ளே தள்ளினார்கள். இருபது அடி போனது. எதிர்ச் சுவரில் இடித்து நின்றது. மிச்சம் ஐந்து அடி வெளியே, பக்கத்து வீட்டுக்காரர் சந்தில் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ராஜாங்கத்தோடு பேசிப் பதினோரு வருடம் ஆகிறது.

“இன்னாய்யா பச்சமுத்து இது?” என்றார் ராஜாங்கம்.

“ஒரு அஞ்சு அடி ஜாஸ்தி வந்துக்கினு கீதுண்ணா.”

“அறுத்துடு.”

“அறுக்கணும்னா பட்டறைக்குத்தான் எடுத்துக்கினு போவணும். ஒரு வாரம் ஆவும்.”

ராஜாங்கம் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. “என் பொண்ணு கல்யாணம்யா” என்றார். பச்சமுத்துவுக்கு முதல்முறையாக ஒரு கண்ணை மூடாமல் இரண்டு கண்ணாலும் ஒரு விஷயத்தைப் பார்க்க நேர்ந்தது. தோளில் கிடந்த ஜரிகைத் துண்டை எடுத்து விரித்தார். பையிலிருந்து பழைய துண்டை எடுத்து அதன்மேல் வைத்தார். பழையது ஓர் அடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“அந்தப் பக்கம் இன்னாண்ணா?”

“மாப்பிள்ளை ரூம்பு.”

வேறு வழி? உடைத்தார்கள். மேடையின் கடைசி ஐந்து அடி சுவரைத் தாண்டி, மாப்பிள்ளை அறைக்குள், ட்ரெஸ்ஸிங் டேபிளுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அந்த ஐந்து அடியில் இருந்தது இட்லி ஸ்டீமர்.

கல்யாணத்தன்று காலை மாப்பிள்ளை வீட்டார் அறைக்குள் நுழைந்தார்கள். ராஜாங்கம் கதவோரம் கை கட்டி நின்றார். தீனதயாளன் ஸ்டீமரைப் பார்த்தார். ஸ்டீமர் உஸ் என்றது. சுவர் ஓட்டை வழியாகச் சமையல்காரர் வீரமணியின் தலை மட்டும் தெரிந்தது. தீனதயாளனின் பார்வை தன் செருப்பு இருந்த திசைக்குப் போனதை நான் பார்த்தேன். ராஜாங்கமும் பார்த்தார்.

அப்போதுதான் வீரமணி ஸ்டீமரைத் திறந்தார். அறை முழுக்க ஆவி.

“சம்மந்தி ஐயா, தேங்காச் சட்னியா தக்காளிச் சட்னியா?”

தீனதயாளன் ஸ்டீமருக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியை ஸ்டீமர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதினோரு இட்லி. பன்னிரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“நானும் எத்தினியோ மண்டபம் பாத்துட்டேன். மாப்பிள்ளை வூட்டுக்காரங்களுக்குன்னு தனியா ஸ்டீமரே வெச்சவன் நீதான்யா.”

ராஜாங்கம் சுவரில் சாய்ந்துவிட்டார். சாய இன்னும் கொஞ்சம் சுவர் மிச்சம் இருந்தது நல்லதாகப் போயிற்று. தாலி கட்டும்போது அவர் அழுதது மகளுக்காகவா இட்லிக்காகவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பந்தியில் பச்சமுத்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: “டிசைனே அப்பிடித்தாங்க.”

அன்றைக்கே இரண்டு மண்டபக்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள், தங்களுக்கும் மாப்பிள்ளை ரூமில் ஸ்டீமர் வேண்டுமென்று. இதற்கு மேல் பொறுக்க முடியாமல் மணிமொழி ஒரு டேப் வாங்கி அவர் சட்டைப் பையில் வைத்தார். பச்சமுத்துவும் மனம் மாறித்தான் இருந்தார். டேப்பை வெளியே இழுத்தார். தரையில் வைத்தார். அது சரியாக இருக்கிறதா என்று துண்டால் அளந்து பார்த்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் எங்கே நிற்கிறது? சமையலறையில் நிற்க வேண்டிய சாமான் ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில், வருகிற விருந்தாளி எல்லாம் தொட்டுப் பார்க்கிற இடத்தில் ஏன் நிற்கிறது? கடைக்குப் போகும்முன் சமையலறைக் கதவின் அகலத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்து, அந்தக் கையை அப்படியே விரித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறியது யார்? கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது எந்தக் கையை எடுத்தீர்கள்?

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜும் ஹாலில்தான் நிற்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் டிசைனே அப்படித்தான்.