அக்கரைக்காரர்கள் முதலில் வலையை எடுக்கட்டும்

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினரும், என் மூத்த மகனுக்கு ஒரே பிள்ளையும், மூன்று வயது வரை என் இடுப்பை விட்டுத் தரையில் இறங்க மாட்டேன் என்றவனுமாகிய பேரனுக்கு, உன் அப்பாவைப் பெற்றவள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் சித்தப்பாவும் சித்தியும் உடம்பளவில் சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் குழந்தையும் அதேபோல் இருக்க வேண்டும். மனசளவில் நான் சுகமாக இல்லை. அதற்குக் காரணம் நீ. போனில் சொல்லலாம் என்றால் உன் உதவியாளன்தான் எடுக்கிறான். நான் திட்டுகிற திட்டையெல்லாம் அவனே வாங்கிக்கொண்டு "சொல்லிடறேன் பாட்டி" என்கிறான். உனக்கு மிச்சமே வந்து சேருவதில்லை. அதனால்தான் கடிதம். நான் ஐந்தாம் வகுப்பை முழுசாக முடித்தவள். மேலே வகுப்பு இல்லாததால் நின்றேனே தவிர, பெயிலாகி நின்றவள் இல்லை. ஆகவே எழுத்துப் பிழை இருந்தால் அது கோபத்தில் வந்தது என்று எடுத்துக்கொள்.

நேற்றுச் செய்தியில் சொன்னார்கள். ஆற்று மீன் மசோதாவை அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளி வைக்கும்படி கேட்டிருக்கிறார்களாம். யார் கேட்டது? மலைத் தொகுதிக்காரன் இல்லை, எதிர்க்கட்சி இல்லை, ஆற்றோரத் தொகுதியின் உறுப்பினர், அதாவது என் கையால் சோறு தின்று வளர்ந்த நீ! கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கையிலிருந்த மீன் நழுவித் திரும்பவும் தொட்டிக்குள் விழுந்தது. எதிரே நின்ற வாடிக்கைக்காரி, "என்ன பாட்டி, பேரன் காலை வாரிட்டானா?" என்று சிரித்தாள். அவளுக்கு எடை குறைத்துப் போட்டுவிட்டேன். அந்தப் பாவமும் உன் கணக்கில்தான்.

அடுத்த கூட்டத்தொடர் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? புதுத் தண்ணீர் வந்து போயிருக்கும். புதுத் தண்ணீர் வந்ததும் சினை மீன் வயிற்றைத் தூக்கிக்கொண்டு எதிர்நீச்சல் போட்டு மேலே போகும். அது முட்டை விடும் வரை இரண்டு கரைக்காரர்களும் வலையைத் தொடக்கூடாது, கொசுவலை மாதிரிச் சின்னக் கண் வலையை எந்தக் காலத்திலும் தொடக்கூடாது, இரண்டு கரைக்கும் சேர்த்து ஒரே வாரியம் என்பதுதானே மசோதா? அதை முட்டையெல்லாம் வலையில் ஏறிய பிறகு கொண்டுவந்து என்ன செய்வாய், செத்த மீனுக்குப் பாதுகாப்புக் கொடுப்பாயா? என் கடையில் வந்து பார். ஒரு காலத்தில் ஒரு மீனை வைத்தால் வால் கூடைக்கு வெளியே தொங்கும். இப்போது குவித்து வைக்கிறேன், ஈ உட்கார்ந்தால் எது ஈ, எது மீன் என்று தெரியவில்லை. "இது மீனா, மீனோட போட்டோவா?" என்று கேட்கிறார்கள். உன் சித்தப்பா விடிகாலையில் போய் வெயில் ஏறிய பிறகு வெறும் ஈர வலையோடு வருகிறான். இந்த வருஷமும் இப்படியே போனால் படகை விற்றுவிட்டு உன் அலுவலக வாசலில் காவலுக்கு நிற்கிறேன் என்கிறான். அவன் அப்படி நின்றால் உனக்குக் கௌரவமாக இருக்குமா?

இத்தனைக்கும் இந்த மசோதாவுக்கு வாய்த்த மாதிரி ஓர் அதிர்ஷ்டம் எந்த மசோதாவுக்கும் வாய்க்காது. நம் கரை ஒரு மாநிலம், எதிர்க்கரை இன்னொரு மாநிலம். இரண்டு சட்டசபையும் ஒரே சட்டத்தைப் போட்டால்தான் ஆறு முழுக்கச் செல்லும். இந்தக் கரையின் உறுப்பினர் நீ, என் மகன் பிள்ளை. அந்தக் கரையின் உறுப்பினர் உன் அத்தை மகன், என் மகள் பிள்ளை. இரண்டு சட்டசபைக்கும் தன் வயிற்று வழியில் ஆள் அனுப்பிய கிழவி இந்த ஆறு நெடுக நான் ஒருத்திதான். அதைச் சொல்லிச் சொல்லியே மார்க்கெட்டில் எனக்கு நிழலான இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த நிழலுக்கு நீ வேட்டு வைக்கிறாய்.

ஏலக் கொட்டகையில் கூட்டம் போட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் முதல் வரிசையில் புதுப் புடவை கட்டி உட்கார்ந்திருந்தேன். நீ மைக்கைப் பிடித்து, "அனைத்துத் தரப்பினரின் கருத்தொற்றுமையோடு உரிய நேரத்தில் உரிய முடிவு எடுக்கப்படும்" என்றாய். கை தட்டினேன், பேரனாயிற்றே. பின்னால் இருந்து ஒற்றைக்காது மீன்காரன் எழுந்து, "சட்டம் வருமா வராதா, அத மட்டும் சொல்லுங்க தம்பி" என்றான். "பரிசீலனையில் இருக்கிறது" என்றாய். "பரிசீலனை எங்க இருக்கு, சொல்லுங்க, நாங்க போய்ப் பாத்துட்டு வர்றோம்" என்றான். கொட்டகையே சிரித்தது. எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தாலும் அவனைத்தான் முறைத்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து, பொரித்த மீனை முள் எடுக்காமல் விழுங்கிக்கொண்டே நீ சொன்னதுதான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. "பாட்டி, நாம முதல்ல வலையை எடுத்துட்டா, அவங்க நம்ம பங்கையும் சேத்து அள்ளிடுவாங்க. அக்கரைக்காரங்க முதல்ல எடுக்கட்டும்." நான், "ஏண்டா, மீன் நெத்தியில இந்தக் கரை, அந்தக் கரைன்னு எழுதியிருக்கா?" என்று கேட்டேன். "அரசியல்ல அப்படித்தான் பாட்டி" என்று காதைச் சொறிந்தாய். நீ பொய் சொல்லும்போது காதைச் சொறிவாய் என்பது உன் தொகுதிக்குத் தெரியாமல் இருக்கலாம், எனக்குத் தெரியும்.

சரி, அவர்கள் முதலில் எடுக்கட்டும் என்றுதானே சொல்கிறான், எடுக்க வைக்கிறேன் என்று மறுநாளே பரிசலேறி அக்கரை போனேன். உன் அத்தை மகன் அலுவலகத்தில் ஒரு பெண், "மனு கொண்டு வந்திருக்கீங்களா அம்மா?" என்று கேட்டாள். "அவனைக் குளிப்பாட்டினவ நான், எனக்கு எதுக்கும்மா மனு?" என்றேன். அவன் ஓடி வந்து காலில் விழுந்தான். அந்த மரியாதையெல்லாம் அவனுக்கு உண்டு, உனக்கும் இருந்தது. நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு என்ன சொன்னான் தெரியுமா? "பாட்டி, நாங்க முதல்ல வலையை எடுத்தா, மாமா பையன் ஆளுங்க எங்க பங்கையும் சேத்து அள்ளிடுவாங்க. முதல்ல அவங்க எடுக்கட்டும்." ஒரு எழுத்து மாறவில்லை. வேறு வேறு கட்சி, வேறு வேறு கொடி, வேறு வேறு சட்டசபை, ஆனால் அவனும் காதைச் சொறிகிறான், அதே இடது காது! என் ரத்தம் இரண்டு கரையிலும் ஓடுவதைப் பற்றி அன்றைக்கு முதன்முதலாக வெட்கப்பட்டேன்.

அந்த ஆத்திரத்தில்தான் சொல்லிவிட்டேன். "உன் மாமன் மகன் வர்ற வெள்ளிக்கிழமை நிறைவேத்தறான், எங்கிட்டயே சொல்லிட்டான்" என்றேன். "நெசமாவா பாட்டி?" என்றான். "நான் எப்பவாவது பொய் சொல்லியிருக்கேனா?" என்றேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. மாமன் மகன் முந்திக்கொண்டால் பேர் அவனுக்குப் போய்விடுமே! "அப்ப நாங்களும் இந்தக் கூட்டத்துலயே கொண்டு வந்துடறோம்" என்றான். வாக்கு வாங்கிக்கொண்டு வந்தேன். இதுதான் இப்போது என் கழுத்தைப் பிடித்திருக்கிற விஷயம். நீ வெள்ளிக்கிழமை நிறைவேற்றாவிட்டால், மகள் பிள்ளை முன்னால் நான் பொய்க்காரி. சம்பந்தியம்மா காதுக்குப் போனால் அந்தக் கரையில் நான் தலை காட்ட முடியாது. அவள் ஏற்கெனவே என்னை வாய்க்காரி என்று நாலு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

உன்னை நம்பிப் பயனில்லை என்றுதான் மசோதாவை ஆராய்கிற தேர்வுக் குழுத் தலைவரையே பார்க்கத் தலைநகருக்கு வந்தேன். அதைத்தான் நீ "என் மானத்தை வாங்கிட்டே பாட்டி" என்று கத்தினாய். நடந்தது என்ன என்று நீ கேட்கவே இல்லை, இப்போது கேள். உன் சித்தப்பா வலையில் விழுந்த சினை மீன் ஒன்றைக் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு உறுப்பினர்கள் விடுதிக்குப் போனேன். வாசலில் காவல்காரன், "உள்ள மீன் விக்கக்கூடாதும்மா" என்றான். "விக்க வரலப்பா, காட்ட வந்திருக்கேன்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை, அதனால் விட்டுவிட்டான். தலைவர் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் காத்திருந்தபோது வந்து போன உறுப்பினர்கள் ஒவ்வொருவரையும் நிறுத்தி மசோதாவைப் பற்றிக் கேட்டேன். கடலோரத் தொகுதிக்காரர், "ஆத்து மீனெல்லாம் ஒரு மீனாம்மா?" என்று போய்விட்டார். இன்னொருவர், "எங்க தொகுதியில பாலம் இருக்கு, ஆறுதான் இல்ல, நீங்க சொன்னா ஓட்டுப் போட்டுடறேன்" என்றார். நல்ல மனுஷர். ஒருவர் மட்டும் எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார், மின்விசிறியைத் திருப்பி வைத்தார், தண்ணீர் கொடுத்தார். மீன் முட்டை விடுகிற மணல் திட்டில் யாரும் மணல் அள்ளக்கூடாது என்று மசோதாவில் இருக்கிறதாமே, அதை மட்டும் எடுத்துவிட்டால் உயிரையே கொடுப்பேன் என்றார். அவருக்கு மணல் லாரி ஓடுகிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. மரியாதையாகப் பேசுகிறவனைத்தான் நீ முதலில் எதிர்ப் பக்கத்தில் எண்ண வேண்டும், ஓட்டு எண்ணும்போது.

தலைவர் மீன் சாப்பிடாதவராம். மீன் மசோதாவுக்கு மீன் வாடையே ஆகாதவரைத் தலைவராகப் போட்டது எந்தப் புத்திசாலி? அவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்கம்மா" என்றார். சொல்வதைவிடக் காட்டுவது நல்லது என்று மேசையில் கிடந்த காகிதத்தின் மேல் மீனைப் போட்டு, அவருடைய உறை பிரிக்கிற கத்தியாலேயே வயிற்றைக் கீறினேன். முட்டை குபுகுபு என்று கொட்டியது. "பாருங்கய்யா, இந்த ஒரு வயித்துக்குள்ள எத்தன உசுரு இருக்கு! உங்க குழு கூடிக் கலையறதுக்குள்ள இத்தனையும் வலையில போயிடும்" என்றேன். பேசியது நன்றாகத்தான் இருந்தது, எனக்கே கண் கலங்கியது. அவர் மீனைப் பார்க்கவில்லை. "அம்மா, அதை எது மேல வெச்சு வெட்டினீங்க?" என்றார். மசோதாவாம். குழு உறுப்பினர்கள் எல்லோரும் ஓரத்தில் கருத்து எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரே பிரதி!

இதற்குத்தான் நீ என்னிடம் கத்தினாய். ஆனால் அதற்கப்புறம் என்ன ஆயிற்று? அவ்வளவு காலம் ஒரே மேசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த கோப்பு அன்று சாயந்திரமே நகர்ந்தது. வாடை தாங்காமல் தலைவர் துறைக்குத் தள்ளினார், துறையில் சட்டப் பிரிவுக்குத் தள்ளினார்கள், அவர்கள் அமைச்சர் அலுவலகத்துக்குத் தள்ளினார்கள், யாருமே தன் மேசையில் ஒரு ராத்திரி வைத்துக்கொள்ளத் தயாராக இல்லை. திருத்தம் சொல்ல வேண்டுமென்றால் கோப்பைத் திறக்க வேண்டும், திறக்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. மணல் லாரிக்காரர் திருத்தம்கூட அப்படித்தான் உள்ளே போக முடியாமல் நின்றது. அப்படி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊர்வலமாகச் சபை வரைக்கும் வந்த மசோதாவை, கடைசிப் படியில் நின்று "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்புகிறவன் யார்? என் பேரன்.

ஆகவே கேட்டுக்கொள். வெள்ளிக்கிழமை நீ எழுந்து நிற்கிறாய், மசோதாவைக் கொண்டு வருகிறாய், நிறைவேற்றுகிறாய். "அவர்கள் முதலில்" என்ற பேச்சு இனி உன் வாயிலிருந்து வரக்கூடாது. யாராவது ஒருவன் முதலில் வலையை எடுத்தால்தானே அடுத்தவன் எடுப்பான்? ஆற்றுக்கு நடுவில் ஒரு கோடு போட்டுக்கொண்டு இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றால், கோட்டுக்கு அடியில் மீன் செத்துக்கொண்டிருக்கும். பக்கத்துக் கரைக்காரன் ஏமாந்த நேரத்தில் அள்ளிக்கொள்ளலாம் என்று நினைப்பது மனுஷன் செய்கிற காரியமா? அப்படி அள்ளிய மீனை என் கடையில் வைத்து விற்க எனக்குக் கை வருமா? உன் தாத்தா இருந்திருந்தால் துடுப்பால் பேசியிருப்பார். நான் படித்தவள், கடிதத்தோடு நிறுத்துகிறேன்.

நீ நிறைவேற்றாவிட்டால் அடுத்த தேர்தலில் உன் அத்தை மகனை இந்தக் கரைக்கு வந்து நிற்கச் சொல்வேன், சட்டத்தில் இடம் இல்லையென்றால் உன் சித்தியை நிறுத்துவேன். அவளுக்கு உன்னைவிடச் சத்தம் அதிகம், காதைச் சொறிகிற பழக்கமும் இல்லை. மற்றபடி உனக்கு நீண்ட ஆயுளும், உன் வீட்டுக்காரிக்குப் பொறுமையும், குழந்தைக்குச் சீக்கிரம் பல் முளைப்பதும், உன் உதவியாளனுக்கு வேறு நல்ல வேலையும் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். 

கோபம் தீராத,
உன் பாட்டி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உன் அத்தை போன் செய்தாள். அக்கரைச் சட்டசபையில் இன்று காலையே மசோதா நிறைவேறிவிட்டதாம். மாமன் மகனுக்கு முன்னால் பேர் வாங்க வேண்டும் என்று உன் அத்தை மகன் ஒரே மூச்சில் முடித்துவிட்டான். நான் எழுந்து போய் ஆற்றைப் பார்த்தேன். அந்தப் பக்கம் ஒரு படகு இல்லை, ஒரு வலை இல்லை, எல்லாவற்றையும் கரையேற்றிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. புதுத் தண்ணீரும் கலங்கலாக வர ஆரம்பித்திருக்கிறது. ஆகவே மேலே எழுதியதில் வெள்ளிக்கிழமை என்பதை மட்டும் அவ்வளவு கண்டிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல சட்டத்தை அவசரப்பட்டுச் செய்யக்கூடாது. வாடை போகக் கோப்பையும் கொஞ்ச நாள் வெயிலில் காய வைக்க வேண்டும். செய்தியில் உன் குரல் வேறு கட்டின மாதிரி இருந்தது, இந்த வாரம் சபைக்குப் போகாமல் வெந்நீர் குடித்துக்கொண்டு படு. உன் சித்தப்பா பெரிய வலையை எடுத்துக்கொண்டு நடு ஆற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறான். நான்தான் போகச் சொன்னேன்.