டீச்சர் தேர்ந்தெடுத்த குரல்

கம்ப்யூட்டருக்கு மறுபடியும் பேய் பிடித்துவிட்டது.

மாணவி வீட்டுக்குப் போனதும், டீச்சர் ஹெட்போனைக் காதில் வைத்துப் பார்த்தார். வாக்கியமும் இல்லை, வார்த்தையும் இல்லை. ஒரே 'கிர்ர்ர்'.

திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் அது. பார்வையில்லாத அந்தப் பெண்ணுக்காக ஏழு மென்பொருட்களைச் சோதித்து, தலைமையாசிரியரிடம் மல்லுக்கட்டி, டீச்சரே தேர்ந்தெடுத்தது.

வெள்ளிக்கிழமை அதிகாரி முன்னால் மாதிரித் தேர்வு. அதில் தேறினால் பொதுத்தேர்வை அவளே தட்டச்சு செய்து எழுதலாம். இல்லாவிட்டால் பழையபடி, சொல்லச் சொல்ல எழுத ஆள் வைப்பார்கள். போன வருடம் எழுத வந்த அம்மாள், இவள் சொன்ன விடை பிடிக்காமல் தன் சொந்த விடையை எழுதிவிட்டுப் போனவர்.

டீச்சர் மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றினார். குரல் மணிமணியாக வந்தது. மறுநாள் மாலை, கிர்ர்ர்.

மெக்கானிக் வந்து கம்ப்யூட்டரையே மாற்றினார். அடுத்த மாலையும் கிர்ர்ர்.

"வீடு மாத்தினாலும் பேய் கூடவே வருதேப்பா!"

"எதுக்கும் பூட்டி வைங்க டீச்சர். யாரும் தொடலைன்னா எதுவும் கெடாது."

இன்னொரு முறை அழித்து ஏற்றி, பூட்டி வைத்தார். வெள்ளிக்கிழமை காலை திறந்தபோது குரல் தெளிவாக இருந்தது. டீச்சருக்கு உயிர் வந்தது.

"ஸ்பீக்கர்ல போடுங்க, எனக்கும் கேக்கணும்" என்றார் அதிகாரி.

அந்தப் பெண் வந்து உட்கார்ந்தாள். விசைப்பலகையில் நாலு தட்டு தட்டினாள். கிர்ர்ர்!

"என்ன டீச்சர், உள்ள வண்டு பூந்துடுச்சா?"

"ஒரு நிமிஷம் சார்!" டீச்சர் பிளக்கைப் பிடுங்கப் பாய்ந்தார்.

"மிஸ், தொடாதீங்க!"

அவள் விரல்கள் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தன. ஒரு மணி நேரத் தேர்வு. இருபதாவது நிமிடத்தில் எழுந்து நின்றாள். அதிகாரியின் சிவப்புப் பேனாவுக்கு வேலையே வரவில்லை. ஐம்பதுக்கு ஐம்பது!

"பொதுத்தேர்வை இந்தப் பொண்ணே எழுதட்டும்" என்று அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டார். "கண்ணு, நாங்க என்னென்னவோ பண்ணியும் அந்த மெஷின் சரியாகலையே! அதை வெச்சுக்கிட்டு எப்படிம்மா எழுதின?"

"மெஷினுக்கு ஒண்ணும் இல்லை மிஸ், நான் கேக்குற வேகமே அதான். தினமும் சாயங்காலம் யாரோ அதை நோண்டி மெதுவாக்கிட்டுப் போறாங்க, முதல்ல அந்த ஆளைப் பிடிங்க!"