கடலின் ஆழத்துக்குச் சந்தா கட்டமாட்டேன்

டாலிகஞ்ச், கொல்கத்தா
ஞாயிற்றுக்கிழமை, காலைக் காபிக்குப் பின்

சிரஞ்சீவி விஸ்வநாதனுக்கு அத்திம்பேர் பட்டாபி அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அக்கா வசுமதியும் பகவான் கிருபையால் சௌக்கியம். திருச்சியில் நீயும் கீதாஞ்சலியும் குழந்தை கௌசிக்கும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முழங்கால் வலி எந்த மட்டில் இருக்கிறது என்று விவரமாக எழுதவும். வாட்ஸாப் இருக்கும்போது ஸ்பீட் போஸ்ட் எதற்கு என்று நீ கேட்பாய். வாட்ஸாப்பில் எத்தனை நீளமாக எழுதினாலும் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். இது கட்டைவிரலால் தீருகிற விஷயம் இல்லை.

விஷயம் இதுதான். போன வருஷம் நீ இங்கே வந்திருந்தபோது என் போனில் ஒரு கடல் வரைபட ஆப்பைப் போட்டு, உன் கார்டிலேயே சந்தாவையும் கட்டிவிட்டுப் போனாய். அடுத்த மாதம் அது தானாகவே உன் கார்டிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளுமாம். நீ இந்தக் கடிதம் கண்டவுடன் அந்தக் கார்டை அங்கிருந்து கழற்றிவிட வேண்டும். ஒரு பைசா போகக் கூடாது. யார் என்ன சொன்னாலும் இதில் மாற்றமில்லை. ஏன் என்று கேட்டால் கொஞ்சம் நிதானமாக உட்கார்ந்து படி.

எங்கள் பெண், உன் மருமாள் சாதனா கப்பலில் தேர்ட் ஆபீசராகப் போகிறேன் என்று நின்றபோது உன் அக்கா ஒரே ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தாள், அது உனக்கும் தெரியும். மற்ற அம்மாக்கள் பெண் கடலுக்குப் போனால் தண்ணீர் இவ்வளவு இருக்கிறதே என்று பயப்படுவார்கள். உன் அக்கா போர்ட் குவார்ட்டர்ஸில் முப்பது வருஷம் குடித்தனம் நடத்தினவள். ஹூக்ளி ஆற்றில் இன்றைக்கு எத்தனை தண்ணீர், எந்தக் கப்பல் மணலில் உட்கார்ந்தது என்பதுதான் அங்கே காய்கறிக்காரன் வரைக்கும் பேச்சு. அதனால் தண்ணீர் குறைவாக இருந்தால்தான் அவளுக்குப் பயம். தினம் சாயங்காலம் பெண்ணின் கப்பலுக்கு அடியில் எத்தனை தண்ணீர் என்று தனக்குத் தெரிந்தாக வேண்டும், தெரியாமல் போகிற அன்றைக்கு அவள் வேலையை விட்டுவிட்டு வந்து பாங்க் பரீட்சை எழுத வேண்டும் என்றாள். சாதனாவும் தலையை ஆட்டிவிட்டுத்தான் கப்பல் ஏறினாள். அவளே தினம் எண்ணைச் சொல்லிவிட்டால் போகிறது என்று நான் யோசனை சொன்னேன். ஹாஸ்டலில் இருந்த நாலு வருஷமும் சாப்டேன் சாப்டேன்னு சொல்லி அரை ஆளாகத் திரும்பி வந்தவள் பேச்சை எப்படி நம்பறது என்று உன் அக்கா கேட்டாள். அதற்குப் பதிலாகத்தான் நீ அந்த ஆப்பைப் போட்டுக்கொடுத்தாய்.

அது நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. சாதனா சாயங்காலம் கப்பல் இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை அனுப்புவாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆப்பில் அந்த இடத்தைத் தேடிப்பிடித்து அங்கே போட்டிருக்கும் எண்ணைப் படிப்பேன். ஆயிரத்து அறுநூறு மீட்டர் என்பேன். உன் அக்கா "போறும்" என்பாள், ஏதோ இலையில் ரசம் விட்டதுபோல. கப்பலுக்கு எட்டரை மீட்டர் தண்ணீர் வேண்டும் என்பதை அவள் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறாள். நானோ போர்ட்டில் பென்ஷன் செக்ஷனில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ரிட்டயர் ஆனவன், இருந்தாலும் இந்த எண்களைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து பில்டிங்கில் எல்லாரும் என்னைக் கேப்டன் பாபு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் ஒன்றும் மறுப்புச் சொல்லவில்லை.

இந்த மாதம் பிறந்ததும் கம்பெனிக்காரன் ஒரு மெயில் அனுப்பினான். முன்பெல்லாம் எல்லாக் கடலும் ஒரே சந்தா. அதுவே அதிகம், நீ தொகையைச் சொல்லாமல் கட்டிவிட்டாய் என்பது எனக்குத் தெரியும். இப்போது கடலையே கூறு போட்டுவிட்டான். வங்காள விரிகுடா தனியாம், மலாக்கா பக்கம் தனியாம், அரபு வளைகுடா தனியாம். கரியாஹாட் மார்க்கெட்டில் மீனை வயிறு தனி முதுகு தனி தலை தனி என்று ஒவ்வொரு விலைக்கு விற்பதைத் தாண்டித்தான் நான் கீரை வாங்கப் போகிறேன், அவனாவது வெட்டுவதற்கு மெனக்கெடுகிறான். இதில் இன்னொரு அக்கிரமம், ஆழத்தைக் காட்டும் எண்கள் இந்த மாதத்திலிருந்தே கோல்ட் பிளானில்தானாம். மற்றவர்களுக்குக் கடல் வெறும் நீலமாகத் தெரியும். கடல் நீலமாக இருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆப் எதற்கு? எல்லாம் கூட்டிப் பார்த்தால் பழைய தொகை மாதிரி மூன்று மடங்கு. கடல் என்ன இவன் தாத்தா வெட்டின கிணறா? அந்த நிமிஷமே கட்டுவதில்லை என்று தீர்மானித்தேன்.

முதலில் கம்பெனியோடு நேராகப் பேசிப் பார்ப்போம் என்று ஆப்பில் உதவி என்று போட்டிருந்த இடத்தைத் தட்டினேன். மனுஷன் இல்லை, மிஷின்தான் பதில் சொல்கிறது. உங்கள் படகின் நீளம் என்ன என்றது. எனக்குப் படகு இல்லை, இரண்டாம் மாடியில் ஃபிளாட் இருக்கிறது என்று எழுதினேன். நல்லது, உங்கள் படகின் நீளம் என்ன என்றது. மறுபடி படகு இல்லை என்றேன், மறுபடி அதையே கேட்டது. எனக்கு வந்த கோபத்தில் சாதனாவின் கப்பல் நீளத்தைப் போட்டேன், நூற்றெண்பது மீட்டர். உடனே மரியாதை கூடிவிட்டது. மறுநாள் வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் போன் பண்ணி, கேப்டன் பட்டாபி, உங்கள் கம்பெனியில் மொத்தம் எத்தனை கப்பல்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சலுகை தரட்டுமா என்று தேனாகப் பேசினாள். நான் ஒரே ஒரு கப்பல், அதிலும் ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் நான் பொறுப்பு என்றேன். அவள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டாள், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

அடுத்தது நம்ம கீழ் வீட்டு மித்ரா தாதா, இங்கே அண்ணாவைத் தாதா என்பார்கள். இன்ஷூரன்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவர், நல்ல மனுஷர், ஆனா எதற்கும் ஒரு கமிட்டி போடாமல் அவருக்குத் தூக்கம் வராது. துர்கா பூஜைக்கு வீடு வீடாகச் சந்தா வசூல் பண்ணுகிறோம், கேப்டன் பாபு பெண்ணுக்குப் பண்ணக் கூடாதா என்று சொல்லி, நான் வேண்டாம் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடும்போதே ஜாஹாஜ் கமிட்டி என்று ஒன்றை ஆரம்பித்துவிட்டார். ஜாஹாஜ் என்றால் கப்பல். இவர் பிரசிடெண்ட், இவர் சம்சாரம் செக்ரெட்டரி, மூன்றாம் மாடியில் இருக்கிற ஜாதவ்பூர் புரொபசர் பொக்கிஷதார். முதல் கூட்டத்தில் புரொபசர் எழுந்து கடல் யாருக்குச் சொந்தம் என்று ஒரு கேள்வியைக் கேட்டார். அவ்வளவுதான், கூட்டம் இரண்டாகப் பிரிந்து விவாதம் மூன்று ஞாயிற்றுக்கிழமை நடந்தது. வசூலான பணம் டீக்கும் சிங்காரா என்கிற சமோசாவுக்கும் ஒரு பேனருக்கும் சரியாய்ப் போச்சு. பேனர் இப்பவும் வாசலில் தொங்குகிறது. தபால்காரர் இங்கே கப்பல் கம்பெனி எந்த மாடி என்று கேட்கிறார்.

இதற்குள் உன் அக்கா முகம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு வந்தது. கப்பல் நடுக்கடலில் இருந்தவரை, அங்கெல்லாம் ஆழம் எக்கச்சக்கம் என்று சொல்லிச் சமாளித்தேன். ஹல்தியா துறைமுகத்துக்குச் சரக்கோடு வருகிறோம் என்று சாதனாவிடமிருந்து மெசேஜ் வந்ததும் உன் அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அங்கே போகிற வழியில் ஹூக்ளி கடலில் கலக்கிற வாய் எப்படிப்பட்ட இடம் என்று என்னைவிட அவளுக்குத் தெரியும். எண்ணைச் சொல்லுங்கோ, இல்லாட்டா குழந்தையை இறங்கி வரச் சொல்லுங்கோ, அடுத்த காண்டிராக்டுக்கு நான் கையெழுத்துப் போட விடமாட்டேன்னு ஒரே பேச்சு. சாதனா இந்த வேலைக்காக எப்படி முட்டி மோதினாள் என்று எனக்குத்தான் தெரியும், விசு. பணம் கட்டாத காரணத்தால் அவள் வேலை போகக் கூடாது. ஆனாலும் கம்பெனிக்காரனிடம் தோற்கக் கூடாது. அப்போதுதான் அலமாரி ஞாபகம் வந்தது.

போர்ட் குடும்பங்களில் அலமாரித் தட்டுக்கு நியூஸ் பேப்பர் விரிக்கிற வழக்கம் கிடையாது. ஆபீசில் கழித்துப்போட்ட பழைய கடல் வரைபடங்களைத்தான் கேட்டு வாங்கிவந்து விரிப்போம். கெட்டிக் காகிதம், பூச்சி அண்டாது. உன் அக்காவின் பட்டுப் புடவைகளை எல்லாம் கட்டிலில் இறக்கிவிட்டு நாலு தட்டையும் உருவிப் பார்த்தால், மூன்றாவது தட்டில் சாட்சாத் ஹூக்ளி வாயும் சாகர் தீவும். காசில்லாமல், கோல்ட் இல்லாமல், அடிக்கு அடி எண் போட்டிருக்கு. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல. டைனிங் டேபிளில் விரித்து, அன்று சாயங்காலம் சாதனா அனுப்பிய இடத்தை ஸ்கேலும் பென்சிலும் வைத்துப் பிடித்தேன். சாகருக்குத் தெற்கே நங்கூரம் போட்டிருக்கிறார்கள். உன் அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் கம்பீரமாக "ஏழு" என்றேன்.

அவள் எட்டரை வேணுமே என்று மெல்லச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு வந்து, வாங்கோ போலாம் என்றாள். எங்கே என்றேன். கப்பல் தரை தட்டிடுத்து, பெண்ணைக் கூட்டிண்டு வரலாம் என்றாள். நான் மறுபடி பார்க்கிறேன், ஏழுதான், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏழு, ஆறரை, எட்டு. மித்ரா தாதா விஷயத்தைக் கேட்டு "சொலுன், சொலுன்", அதாவது போகலாம் வாங்கோ என்று எங்களைக் கிளப்பிக் காரை எடுத்தார். ஹல்தியா இருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம், இவர் இந்தக் கரையோடு போகிற டயமண்ட் ஹார்பர் ரோட்டில் விட்டார். கேட்டால் அங்கே கரையிலிருந்து பார்த்தால் கப்பல் தெரியும் என்கிறார். பெஹாலாவில் டிராஃபிக்கில் மாட்டிண்டு, முன்னாலும் போக முடியாம, பின்னாலும் வர முடியாம, உன் அக்கா பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு சாதனாவுக்கு வரிசையாக மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

சாதனா வேலை நேரத்தில் போன் பேசமாட்டாள். அன்றைக்கு மெசேஜ்களைப் பார்த்துப் பயந்துபோய்க் கூப்பிட்டாள். நான் ஸ்பீக்கரில் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "அப்பா, அது பழைய சார்ட். அதுல இருக்கறது மீட்டர் இல்ல, ஃபேதம். ஒரு ஃபேதம்னா ஆறடி. பன்னெண்டு மீட்டருக்கு மேல தண்ணி இருக்கு" என்றாள். முப்பது வருஷம் போர்ட்டில் சம்பளம் வாங்கினவனுக்கு, சார்ட் மூலையில் பொடி எழுத்தில் போட்டிருந்ததைப் படிக்கத் தோணலை. உன் அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"நீ சொல்லாதேடி. அங்க பெரியவா யாராவது இருந்தா குடு."

"இப்போ மேல பெரியவா நான்தாம்மா. கேப்டன் நேத்து பூரா முழிச்சிண்டிருந்தார், இப்போ தூங்கறார். என்னை நம்பித்தான் தூங்கறார். வாட்ச் ட்யூட்டில இருக்கேன், வைக்கட்டுமா?"

உன் அக்கா சரி என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். மித்ரா தாதாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் ஒன்றும் கேட்காமல் வண்டியைத் திருப்பினார். வீடு வந்ததும் அவள் அந்தச் சார்ட்டை மறுபடி மூன்றாவது தட்டில் விரித்து, புடவைகளை அடுக்கிவிட்டுச் சொன்னாள்: "ஏன்னா, இனிமே ஆப் வேண்டாம். அவளே சொல்லட்டும், நான் கேட்டுக்கறேன். இருபது பேர் தூங்கறா அவளை நம்பி." அப்புறம் ஹல்தியாவுக்கு நேர் வழியாகவே பஸ்ஸில் போய் அவளைப் பார்த்தோம். இளைத்துத்தான் இருக்கிறாள், கருத்தும் போயிருக்கிறாள், ஆனா நடையே வேற. அடுத்த காண்டிராக்டுக்கும் போகட்டும் என்று உன் அக்காவே சொல்லிவிட்டாள். எனக்குக் கண் நிறைஞ்சு போச்சு, அதை ஒளிக்கவில்லை.

ஆகையால் விசு, ஜெயித்தது நாம்தான். கம்பெனிக்காரன் தன் நீலத்தைத் தானே வைத்துக்கொள்ளட்டும். தயவு பண்ணி உடனே கார்டை எடுத்துவிடு. மிஷின் கெஞ்சும், சலுகை என்று ஆசை காட்டும், மசியாதே. உன் அத்திம்பேர் சொன்ன சொல்லிலிருந்து இறங்குகிறவன் இல்லை.

கீதாஞ்சலிக்கு எங்கள் ஆசீர்வாதம். கௌசிக்கைக் கணக்கில் கவனம் செலுத்தச் சொல்லவும், முக்கியமாக அளவைகளில். நீங்கள் எல்லாரும் தீர்க்காயுசாக, சகல சம்பத்தோடும் முழங்கால் வலி இல்லாமலும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள அத்திம்பேர்
பட்டாபி

பி.கு.: உறையில் பசை தடவுகிற நேரத்தில் சாதனாவிடமிருந்து மெசேஜ் வந்தது. கப்பல் அந்தமானைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு இல்லை, நேராக அம்மாவுக்கே இடத்தையும் ஆழத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறாள். உன் அக்கா படித்து எனக்குச் சொல்லிவிட்டு, கொத்தமல்லி ஆய உட்கார்ந்துவிட்டாள். நான் மெதுவாக பால்கனிக்குப் போய் அந்த ஆப்பைத் திறந்தேன். ஒரே நீலம், எண்ணே இல்லை. எங்கே தேடியும் அவள் கப்பல் இருக்கிற இடம் எனக்கு அகப்படவில்லை. கார்டை எடுக்காதே. கோல்டாகவே போடு, மூன்று கடலுக்கும், பணம் நான் அனுப்புகிறேன், அக்காவுக்குத் தெரிய வேண்டாம். பெண்ணை நம்பாமல் இல்லை, விசு. இத்தனை நாள் நானும் அவளோடு போய்க்கொண்டிருந்தேன், நடுக்கடலில் இறங்க மனசு வரவில்லை.