விழாமலே மூன்று முறை விழுந்தவன்

சவுக்கோலம்பி, மார்ச் 4

அன்புத் தங்கை ஹில்க்காவுக்கு,

அண்ணன் கலெர்வோ எழுதுவது. நான் சாகவில்லை, இடுப்பும் முறியவில்லை. நீ வேறுவிதமாகக் கேள்விப்பட்டிருப்பாய் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையும் நீயும் சௌக்கியம்தானே?

ஆள் விழுந்தால் அபாய மணி அடிக்கும் அந்த நகராட்சிக் கைப்பட்டைக்கு எனக்காகக் கையெழுத்துப் போட்டவள் நீ. எழுபத்தைந்து தாண்டித் தனியாக வாழ்கிறவர்கள் அதைக் கட்ட வேண்டும், மாதத்தில் மூன்று முறை அபாய மணி அடித்தால் முதியோர் இல்லத்துக்குப் போய்விட வேண்டும், இதுதான் விதி. அதை எழுதிய நகராட்சிக் குழுவின் ஆறு பேரில் மூத்தவனுக்கே முப்பத்தெட்டு வயது. எனக்கு எட்டே நாளில் மூன்றும் அடித்துவிட்டது. புதனும் சனியும் சௌனா நீராவி அறையில் நன்றாக வெந்துவிட்டு, ஏரிப் பனியில் வெட்டிய குழியில் குதிப்பேன், உனக்குத் தெரியாததா. பட்டைக்குத் தெரியவில்லை. ஆள் திடீரென்று கீழே போகிறான், நாடி தாறுமாறாக ஓடுகிறது, உடம்பு சில்லிட்டுவிட்டது, ஆள் காலி என்று முடிவுகட்டி மணியடித்துவிட்டது. உடனே உதவி மையத்துச் சாய்மி அம்மாள் என் மணிக்கட்டுப் பட்டையிலிருந்தே பேசினாள்.

"விழுந்துட்டீங்களா?"

"இல்லம்மா, குதிச்சேன்."

குதித்ததற்கு அவளிடம் பொத்தான் இல்லையாம். ஆம்புலன்ஸ் வந்தபோது என்மேல் ஒரு துண்டுகூட இல்லை. மூன்று முறையும் இதே கூத்துதான்.

போன வியாழன், இல்லத்தில் அறை தயார், பெட்டியைக் கட்டுங்கள் என்று தொலைபேசி வந்தது. உண்மையைச் சொல்கிறேன் ஹில்க்கா, எனக்குப் பயம் வந்துவிட்டது. என் கையால் கட்டிய வீடு, இதை விட்டுப் போனால் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டேன்.

சனிக்கிழமை அந்த முப்பத்தெட்டு வயதுக்காரன் யோனாஸ், இரண்டு அதிகாரிகளோடு கையெழுத்து வாங்க வந்தான். சௌனா சூடாகியிருந்தது. சூடான நேரத்தில் வாசலுக்கு வந்தவனைக் குளிக்கச் சொல்லாமல் அனுப்ப முடியுமா, கூப்பிட்டால் அவனால்தான் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? முன்மாதிரியாக இருக்க மூவரும் பட்டை கட்டியிருந்தார்கள். கழற்றச் சொன்னேன், நானே விதியை மீறலாமா என்றான். சரி, உன் தலையெழுத்து என்று விட்டுவிட்டேன். மற்ற இருவரும் ஒருமுறை குதித்ததோடு போதும் என்று ஓடிவிட்டார்கள். யோனாஸுக்கு ருசி கண்டுவிட்டது. அவன் மூன்றாம் முறை குதித்தபோது குழிக்குள்ளிருந்து, அவன் பட்டை வழியே சாய்மியின் குரல் கேட்டது.

"யோனாஸ் சார், உங்களுக்கு இது மூணாவது. இல்லத்துல ஒரே ஒரு ரூம்தான் காலியா இருக்கு. உங்களுக்கா, கலெர்வோவுக்கா?"

உதடு நீலம் பாரித்த நிலையிலும் பையன் வயிறு குலுங்கச் சிரித்தான். நல்ல பையன்தான். உள்ளே பலகையில் உட்கார்ந்தபடியே முடிவு செய்துவிட்டோம். எந்தக் கருவியானாலும் விதி எழுதுகிறவர்கள் முதலில் ஒரு மாதம் கட்டிப் பார்க்க வேண்டும், அதுவும் கிழவர்கள் கூட இருந்து சொல்லச் சொல்லத்தான் எழுத வேண்டும். அந்தக் குழுவில் இனி ஏழாவது உறுப்பினர் நான். என் அறையை ரத்து செய்துவிட்டார்கள்.

ஆகவே நான் எங்கும் போவதாக இல்லை. இந்த வீட்டிலேயே, தன்னந்தனியாக, கையில் எந்தப் பட்டையும் இல்லாமல் வாழ்வேன். இதில் மறுபேச்சு வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. உங்கள் வீட்டு அடுப்பு வசந்தம்வரை அணையாமல் எரியட்டும்.

உன் பிடிவாதக்கார அண்ணன்,
கலெர்வோ

பி.கு.: 'தன்னந்தனியாக' என்பதை அடித்துவிடு. திங்களன்று பட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். சாய்மியை அப்போதுதான் நேரில் பார்த்தேன். புருஷன் போய் ஒன்பது வருஷமாம். பேச உட்கார்ந்தவன் மையத்தைப் பூட்டும்போதுதான் எழுந்தேன். வருகிற ஞாயிறு பெட்டியோடு வருகிறாள். பட்டையைக் கழற்றக் கூடாது என்று சொல்லிவிட்டாள். கழற்றவில்லை.