வலையில் வந்த நைனா

ஊரைத் திருத்தக் கிளம்புகிறவனுக்கு எதிரிகள் தேவையில்லை. அவன் போட்ட சட்டமே அவனைக் கவிழ்த்துவிடும். என் சட்டம் ஒரே வரிதான்: ஆற்றில் எது மிதந்தாலும் கரைக்கு வந்தாக வேண்டும்.

செஞ்சியில் சங்கராபரணி ஆற்றைச் சுத்தம் செய்ய ஒரு குழு சேர்த்திருந்தேன். ஞாயிறுதோறும் வலை போட்டு பாலிதீன் பை, பிள்ளையார் சிலையின் கை, ஒற்றைச் செருப்பு என்று வாரி இழுத்து, படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுவோம். (லைக் போட ஊரே வரும். வலை பிடிக்க வருவது நானும் உரக்கடை சேகரும் இன்னும் ஓரிருவரும்தான்.)

போன தை மாதம் நைனா இறந்துபோனார். சின்ன வயதில் தான் நீந்திய ஆற்றிலேயே சாம்பலைக் கரைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "கடலுக்கெல்லாம் இட்டுனு போவாதடா. உப்புத்தண்ணி எனக்கு ஆவாது." வாழ்நாளில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

பால் தெளித்த அன்று ஞாயிற்றுக்கிழமை. சாம்பல் கலயத்தின் வாயை அம்மாவின் பழைய மஞ்சள் புடவைத் துண்டால் கட்டி, தோளுக்குப் பின்னால் ஆற்றில் விட்டேன். விட்டவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது முறை. நானும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், சாக்கடை கலந்த அந்தக் குழம்பில் கலயம் முழுகாமல் மிதந்து போனது தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து இலை முன் உட்கார்ந்தபோது சேகரிடமிருந்து படம் வந்தது. பாலத்துக்குக் கீழே வலை போட்டிருக்கிறான். 'அண்ணே, நீங்க வராட்டியும் வேல நிக்கல' என்று எழுதியிருந்தான். குப்பைக் குவியலின் உச்சியில் மஞ்சள் துணி கட்டிய கலயம்.

பக்கத்து இலையிலிருந்து சித்தப்பா எட்டிப் பார்த்தார். "இன்னாடா இது, நம்ம அண்ணன் மாதிரி இருக்குது" என்றார்.

போட்டது போட்டபடி ஓடினேன். குப்பை டிராக்டர் கிளம்பிவிட்டிருந்தது. மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக நடுரோட்டில் அதை மறித்து மேலே ஏறினேன்.

"இன்னா சார் தேடுற?" என்றார் டிரைவர்.

"எங்க நைனாவ."

அவர் இன்ஜினை நிறுத்தினார். ஏறிவந்து கூடவே கிளறினார். வாய் உடைந்த கலயம் அடியில் கிடந்தது, யாரோ குழந்தையின் டயப்பருக்குப் பக்கத்தில். அதை மடியில் வைத்துக்கொண்டு டிராக்டர் மேலேயே அழுதேன்.

ஓடிவந்த சேகரும் அழுதான். "தெரியலண்ணே."

"நான் சொன்னதத்தானடா செஞ்ச."

கரையோரமாக இரண்டு பேரும் வெகுதூரம் நடந்தோம். அவரைக் கரைக்கத் தகுந்த தண்ணீர் எங்கும் இல்லை. கடைசியில் தொண்டூரில் இருக்கும் எங்கள் நிலத்துக்குப் போய், மோட்டாரைப் போட்டு, வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லை வாய்க்காலில் கரைத்தேன். நைனா கேட்ட ஒன்றை என்னால் கொடுக்க முடியவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ, சித்தப்பா ஆரம்பித்துவிடுவார். "எங்கண்ணன் ஆத்துல எறங்குனாரு, நாத்தம் தாங்காம ரிட்டன் வந்துட்டாரு." பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

போன மாதம் அப்படிச் சிரித்து ஓய்ந்த பிறகு அம்மா என் பக்கம் திரும்பினாள். அவளும் அந்த ஆற்றில் குளித்து வளர்ந்தவள்தான்.

"என்னிய நேரா கொல்லைக்கே இட்டுனு போயிடுடா. ஆத்துப் பக்கம் வேணாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதற்குள் ஆற்றைச் சரிசெய்துவிடுவேன் என்று சொல்ல வாயெடுத்தேன். "சரிம்மா" என்றேன்.