தொட்டிச் செடியின் ஆரோக்கியம்

செடி இன்னும் வளர்ந்திருந்தது. மேனேஜர் அறை வாசலில் போன மாதம் இடுப்பளவுக்கு நின்றது, இன்றைக்குக் கணக்காளரின் தோளைத் தொட்டது.

கடற்பாசி மாத்திரை தயாரிக்கும் கம்பெனி அது. உடம்பு துருப்பிடிக்காமல் காக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் கடற்பாசியில் கொட்டிக் கிடக்கிறது என்பது முதலாளியம்மாவின் அசைக்க முடியாத நம்பிக்கை. அதனால் ஊழியர்கள் தினமும் காலையில் மேனேஜர் முன்னால் ஒரு பச்சை மாத்திரையை விழுங்கியாக வேண்டும். மேனேஜர் வேறு யாருமில்லை, முதலாளியம்மாவின் கணவர்தான். அவருக்கு மட்டும் வீரியம் கூடிய தங்க நிற மாத்திரை, அம்மா கையாலேயே கிடைக்கும். மாத்திரையை டிராயரில் பதுக்கிய டைப்பிஸ்ட்டை அன்றைக்கே சீட்டைக் கிழித்து அனுப்பிவிட்டார்கள்.

கணக்காளரும் முதலில் யோக்கியமாக விழுங்கித்தான் பார்த்தார். ஏப்பத்தில் கடலே வந்தது. "நீங்க கூடத்துலயே படுத்துக்கோங்க" என்று மனைவி தலையணையை வெளியே வீசினாள். அதற்குப் பிறகு மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, வெளியே வந்ததும் தொட்டி மண்ணில் புதைக்க ஆரம்பித்தார். கடற்பாசி அருமையான உரம் என்று பாவம், அவருக்கு யார் சொன்னார்கள்?

"இதுக்கு என்ன சார் போடுறீங்க, இப்படி மதமதன்னு வளருது?" என்று ரிசப்ஷன் பெண் கேட்டதும் வியர்த்துவிட்டது. கத்தரிக்கோலை எடுத்து நறுக்கித் தள்ளினார். நறுக்கிய இடத்திலெல்லாம் இரண்டிரண்டாகத் துளிர்த்தது. சரி, மாடிப்படிக்கு அடியில் ஒளித்துவிடலாம் என்று தொட்டியைப் பிடித்து இழுத்தார். அது தரையில் கிறீச்சிட்டது.

"யோவ்! எங்கய்யா கொண்டு போற?" மேனேஜர் அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

"இல்ல சார்... கொஞ்சம் நிழல்ல வைக்கலாம்னு..."

"இனிமே அதத் தொட்ட, வேலை போயிடும்!"

சத்தம் கேட்டு முதலாளியம்மா இறங்கி வந்தார். "அடேயப்பா! வேர் விட இடமில்லாம தவிக்குதே. தோட்டக்காரரைக் கூப்பிடுங்க, பெரிய தொட்டிக்கு மாத்திடலாம்."

"எதுக்கும்மா வீண் சிரமம்?" என்றார் கணக்காளர்.

"ஆமா, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் மேனேஜர்.

கணக்காளருக்கு மேனேஜர்மேல் முதல்முறையாகப் பாசம் பொங்கியது. ஆனால் அம்மா சொன்னால் சொன்னதுதான்.

தோட்டக்காரர் தொட்டியைக் கவிழ்த்தார். மண்ணோடு, பாதி கரைந்த பச்சை மாத்திரைகள் உதிர்ந்தன. இந்த வயதில் இனி எவன் வேலை கொடுப்பான்? கணக்காளர் மனதுக்குள் கணக்குப் போட்டார்.

"யார் பண்ணின வேலை இது?" அம்மா போட்ட சத்தத்தில் ஆபீஸே எழுந்து நின்றது. "இப்பவே சொல்லிடுங்க. அது யாரா இருந்தாலும் சரி, இன்னியோட வெளிய!"

மேனேஜர் விட்டத்தைப் பார்த்தார். கணக்காளர் முன்னால் வந்தார். "அம்மா... அது வந்து... நான்..."

மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த தோட்டக்காரர் நிமிர்ந்தார்.

"பச்சை மேல ஒரு கைப்பிடிதாம்மா. அடி வரைக்கும் தங்கக் கலருதான் கிடக்கு."