கண் காட்டிக் கொடுத்துவிட்டது

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே? நானும் சௌக்கியம். இதை நான் சொல்லவில்லை, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் மிஷின் சொல்கிறது. தொண்டையில் குழாய் போட்டு எடுத்ததில் குரல் கரகரத்துவிட்டது. போனில் பேசினால் ராங் நம்பர் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஆபரேஷனுக்குப் பிறகு இங்கே சிலருக்குப் புத்தி தடுமாறுமாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு புது மிஷினை வைத்துப் பார்க்கிறார்கள். கண்ணில் வெளிச்சம் அடித்து, கண்மணி எவ்வளவு சுருங்குகிறது, எவ்வளவு சீக்கிரம் சுருங்குகிறது என்று அளக்கும். பக்கத்துப் படுக்கைக்காரர் அதில் கோட்டைவிட்டார். அதிலிருந்து அவருக்கு ராஜ உபசாரம்! நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "இது ஆஸ்பத்திரிப்பா, பயப்படாதீங்க, இன்னிக்கு வியாழக்கிழமை, நான் இங்கதான் இருக்கேன்" என்று பேசிக்கொண்டே இருக்கிறாள். என்னிடம் வந்தால், "ஐயா தெளிவா இருக்காரு" என்று மிஷினைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். தெளிவாக இருப்பவனுக்குப் பேச்சுத்துணை வேண்டாமா? உன் அண்ணி போனதிலிருந்து, நாடி பார்க்கிறவர்களைத் தவிர என் கையை யாரும் பிடித்ததில்லை.

சரி, நாமும் கொஞ்சம் தடுமாறித்தான் பார்ப்போமே என்று, அவள் வந்ததும், "டிக்கெட்டை எடும்மா" என்றேன்.

"ஐயா, எங்க இருக்கீங்கன்னு தெரியுதா?"

"ஜன்னலோர சீட்ல."

பதறிப்போய் நாற்காலியை இழுத்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உட்காரப் போனவள், எதற்கும் இருக்கட்டும் என்று மிஷினை எடுத்துக் கண்ணில் வைத்தாள். பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. சும்மா விளையாடாதீங்கய்யா, எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்கு."

போய்விட்டாள். காலமெல்லாம் ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக இருந்து, வித்தவுட்டில் வந்தவர்களைக் கண்ணைப் பார்த்தே பிடித்தவன் நான். என் மானம் கப்பலேறிவிட்டது.

நீ ஒன்றும் அலைந்துகொண்டு வர வேண்டாம். உனக்கும் ஆயிரம் வேலை இருக்கும். எனக்கு ஒரு குறையும் இல்லை, புத்தி கத்தி மாதிரி இருக்கிறது. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் நூறு வயது நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: நேற்று நீ வந்து வெகுநேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாயே, அதற்கு இரண்டு வார்த்தை எழுத மறந்துவிட்டேன். இதைச் சொன்னால் நர்ஸ், "யாரும் வரலையேய்யா" என்கிறாள். உடனே கண்ணை அளந்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு என்ன கிழமை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ வந்தேதானே? வரலைன்னா, ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போம்மா.